அகலக்கால் வேண்டாம்: போனில் ஸ்டார்டியூ வேலி தொடங்குபவர்களுக்கு முதல் 28 நாள்

"ஸ்டார்டியூ வேலி விளையாடுறன் மாமி" என்று நான் சொன்னதும் மாமியார் கேட்டது, "ஆரோட வேலிச் சண்டை, பிள்ளை?" என்றுதான். தமிழில் எழுதினால் அப்படித்தான் விழும், என்ன செய்வது. ஆங்கிலத்தில் அது பள்ளத்தாக்கு. அங்கே வேலியும் அடைக்கலாம், ஆனால் அடுத்த காணிக்காரர் சண்டைக்கு வரமாட்டார்.

கதை எளிது. நகரத்து அலுவலக வேலை அலுத்துப்போன ஒருவருக்குத் தாத்தா விட்டுப்போன தோட்டம் கிடைக்கிறது. பெலிக்கன் டவுன் என்ற சின்ன ஊருக்கு வந்து பயிர் வைத்து, மீன் பிடித்து, ஊராரோடு பழகி வாழவேண்டும். எரிக் பரோன் என்பவர் தனி ஆளாகப் படம், இசை, கதை, நிரல் எல்லாம் செய்து 2016 இல் கணினிக்கு வெளியிட்டார். ஐபோனுக்கு 2018 இலும் ஆண்ட்ராய்டுக்கு 2019 இலும் வந்தது. விளையாட்டில் இன்னும் தமிழ் இல்லை. ஆங்கிலம் கொஞ்சம் தடக்கும் என்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வாழ்க்கை விளையாட்டுகள் எத்தனையோ இருக்க ஏன் இது? ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் அவ்வளவுதான். விளம்பரம் வராது, "இன்னும் பத்து வைரம் வாங்கு" என்று நச்சரிக்காது. இறக்கிய பிறகு டேட்டாவும் வேண்டாம். ரீலோட் முடிந்த மாதக் கடைசியிலும், கொழும்பு போகும் இரவு ரயிலில் சிக்னல் அறுந்த இடத்திலும் விளையாடலாம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. "சும்மாவே போட்டுத் தாறன்" என்று ஏபிகே (ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் கோப்பு) ஏற்றிக் கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். என் தங்கச்சியின் மகன் அப்படி ஒரு கடையில் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு முழு வருடப் பண்ணை, நாற்பது கோழி, எல்லாம் ஒரு காலையில் காணாமல் போய்விட்டது. இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஆப் ஸ்டோரிலோ பிளே ஸ்டோரிலோ காசு கொடுத்தே வாங்குங்கள்.

பண்ணையைத் தேர்ந்தெடுப்பது

புதிய விளையாட்டைத் தொடங்கியதும் பெயர், உருவம், பிடித்த பொருள் எல்லாம் கேட்கும். அதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். யோசிக்க வேண்டியது பண்ணை வகையை.

நான் உப்புவெளிக்காரி. பட்டியலில் கடற்கரைப் பண்ணையைக் கண்டதும் வேறு எதையும் பார்க்காமல் அதையே தொட்டேன். மணல், அலை, கரையில் ஒதுங்கும் பெட்டிகள், வீட்டு வாசலிலேயே மீன். எல்லாம் அழகுதான். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த மணலில் தண்ணீர் தெளிக்கும் கருவி வேலை செய்யாது. சின்னத் துண்டு நிலம் தவிர மற்ற இடமெல்லாம் காலையில் எழுந்து ஒவ்வொரு செடிக்கும் கையாலேயே ஊற்றவேண்டும். நம் ஊர் ஆட்கள் என்னைப் போலவே அதைத்தான் தொடப் பார்ப்பார்கள் என்று தெரியும். முதல் தடவை வேண்டாம். பட்டியலின் முதலில் இருக்கும் ஸ்டாண்டர்ட் பண்ணையை எடுங்கள். இடம் தாராளம், மண் நல்ல மண்.

விரல் பழகுவது

போனில் இதை இரண்டு விதமாக ஓட்டலாம். போகவேண்டிய இடத்தைத் தொட்டால் ஆள் தானாக நடந்து போவது ஒன்று. திரையின் மூலையில் வரும் சுழல்பிடியால் (ஜாய்ஸ்டிக்) ஓட்டுவது மற்றது. தொடக்கத்துக்குத் தொடுமுறையே சுகம். புல்லைத் தொட்டால் அரிவாளும், கல்லைத் தொட்டால் பிக்காசும், மரத்தைத் தொட்டால் கோடரியும் தானாகக் கைக்கு வரும். சண்டை வரும் இடத்தில் மட்டும் சுழல்பிடிக்கு மாறுங்கள். அமைப்புப் பகுதியில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

பெரிய விரல்காரர்களுக்கு: இரண்டு விரலால் விரித்துப் படத்தைப் பெரிதாக்கிவிட்டுத் தொடுங்கள். கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு ஊராரைத் தொட்டால் அது அன்பளிப்பாகப் போய்விடும். ஊர்த் தலைவர் லூயிஸுக்கு நான் அப்படி ஒரு கல்லைக் கொடுத்திருக்கிறேன். அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நேரம் எப்படி ஓடுகிறது

காலை 6 மணிக்கு நாள் தொடங்கும். இரவு 2 மணிக்குள் கட்டிலில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே மயங்கி விழுவீர்கள், கையிருப்பில் ஒரு பங்கும் போகும். விளையாட்டின் பத்து நிமிடம் நம்முடைய ஏழு வினாடி. கணக்குப் போட்டால் ஒரு முழு நாள் சுமார் 14 நிமிடம். நிலாவெளிப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இறங்குவதற்குள் ஒரு நாள் முடிந்துவிடும். பையைத் திறந்து வைத்தால் கடிகாரம் நிற்கும். அவசரமாக யோசிக்க வேண்டியபோதெல்லாம் பையைத் திறவுங்கள்.

ஒரு பருவம் 28 நாள். வருடத்துக்கு வசந்தம், கோடை, இலையுதிர் காலம், பனிக்காலம் என்று நான்கு பருவம். பருவம் மாறும் அன்று காலையில் பழைய பருவத்துப் பயிர் அத்தனையும் வாடிச் செத்திருக்கும். இந்த விதி நகரத்துப் பிள்ளைகளுக்குத்தான் புதினம். என் மாமா தம்பலகாமத்தில் வயல் செய்தவர், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று பார்த்துச் சிறுபோகம் விதைத்தவர். அவருக்கு நான் விளங்கப்படுத்தவே இல்லை. "காலம் பிந்தினால் பயிர் போகும்தானே, இதுல என்ன கேள்வி?" என்று கேட்டுவிட்டுப் பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

கூடவே சக்தி என்று ஒன்று இருக்கிறது, திரையின் ஓரத்தில் நிற்கும் கோடு. 270 இல் தொடங்கும். மண் கொத்தினாலும் தண்ணீர் ஊற்றினாலும் ஒவ்வொரு தடவைக்கும் 2 குறையும். அரிவாளுக்கு மட்டும் செலவில்லை. முற்றாகத் தீர்ந்தால் அடுத்த நாள் பாதிச் சக்தியோடுதான் எழும்புவீர்கள்.

புதிதாக வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வழுக்குவது இங்கேதான். பண்ணை முழுக்கப் புல்லும் கல்லும் மரமும். பார்த்ததும் கை துறுதுறுக்கும், எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டித் துப்புரவாக்கத் தோன்றும். பதினொரு மணிக்கே சக்தி முடிந்து, மிச்ச நாளெல்லாம் தள்ளாடிக்கொண்டு திரிவீர்கள். வீட்டு வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன நடுமுற்றம் அளவு இடம் போதும். மற்றக் காடு காடாகவே இருக்கட்டும். அந்த மரம்தான் பிறகு பெட்டிக்கும் கோழிக்கூட்டுக்கும் பலகை.

முதல் நாள்

வீட்டுக்குள் ஒரு பொதி இருக்கும். திறந்தால் 15 பார்ஸ்னிப் விதை. பார்ஸ்னிப் நம் சந்தையில் கிடைக்காத கிழங்கு, வெள்ளைக் கரட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பையில் 500 கோல்ட் காசும் இருக்கும். நான் அதைப் பொன் என்றே எழுதப்போகிறேன்.

முதலில் அந்த 15 விதையையும் நட்டு, பூவாளியால் ஊற்றிவிடுங்கள். பூவாளி ஒரு தடவை நிரப்பினால் 40 செடிக்கு வரும், பிறகு குளத்தங்கரையில் நிரப்பிக்கொள்ளலாம். அதன்பிறகு ஊருக்குள் நடங்கள். நடுவில் பியர் என்பவரின் கடை இருக்கிறது. 9 முதல் 5 மணி வரை வியாபாரம், புதன்கிழமை பூட்டு. கையில் இருக்கும் 500 க்கு என் கணக்கு இது: உருளைக்கிழங்கு விதை 6 (ஒன்று 50), கோலிஃபிளவர் 1 (80), போஞ்சி 1 (60), மிச்சம் 60 க்கு இன்னும் 3 பார்ஸ்னிப். சதம் மிஞ்சாது. மொத்தம் 26 செடி, தண்ணீர் ஊற்ற ஒரு நாளைக்கு 52 சக்தி. மீதிச் சக்தி மரம் வெட்ட, சுற்றித் திரிய.

கோலிஃபிளவரும் போஞ்சியும் ஏன் ஒவ்வொன்று? ஊரில் பாழடைந்த பொது மண்டபம் ஒன்று இருக்கிறது. அதைத் திருத்தியெடுக்க ஒவ்வொரு பருவத்துப் பயிரிலும் ஒன்று கேட்பார்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு மழையில்லாத ஒரு காலை, 8 மணிக்கும் 1 மணிக்கும் இடையில், பஸ் தரிப்பிடப் பக்கமாக ஊருக்குள் நுழைந்தால் லூயிஸ் அதைக் காட்டுவார். வசந்தப் பட்டியலில் பார்ஸ்னிப், போஞ்சி, கோலிஃபிளவர், உருளைக்கிழங்கு ஒவ்வொன்று வேண்டும். எனவே முதல் அறுவடையில் எல்லாவற்றையும் விற்றுத் தீர்க்காமல் ஒவ்வொன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். தங்க நட்சத்திரம் பதித்த பார்ஸ்னிப் கிடைத்தால் அதிலும் ஐந்து சேருங்கள், மண்டபத்துக்கு அதையும் தனியாகக் கேட்பார்கள். பெட்டி செய்ய 50 பலகை போதும்.

போஞ்சி பந்தலில் ஏறும் கொடி. அதற்குள்ளால் நடக்க முடியாது. நடுவில் வைத்துவிட்டுப் பின்னால் இருக்கும் செடிக்கு எட்டாமல் நிற்காதீர்கள். ஓரத்தில் வையுங்கள்.

முதல் வாரம்

காலையில் எழுந்ததும் தொலைக்காட்சியைத் தொட்டு நாளைய வானிலை கேளுங்கள். வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள் வீட்டில் அது நடக்கும், இங்கேயும் அப்படித்தான். முதல் வருட வசந்தத்தின் மூன்றாம் நாள் கட்டாயம் மழை. அன்று தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. நான் முதல் தடவை தெரியாமல் மழைக்குள் நின்று ஊற்றிக்கொண்டிருந்தேன். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மாமா, "பிள்ளை, மழை பெய்யிற நாளில என்னத்துக்குத் தண்ணி ஊத்துறாய்?" என்றார். விளையாட்டைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான், அதுவும் சரியான கேள்வி.

இரண்டாம் நாள் வில்லி என்ற மீனவரிடமிருந்து கடிதம் வரும். கடற்கரைக்குப் போனால் மூங்கில் தூண்டில் ஒன்று சும்மா தருவார். மீன் பிடிப்பது இந்த விளையாட்டில் பலரை அழவைத்த இடம். தூண்டிலை வீசிவிட்டுக் காத்திருங்கள், மீன் கடித்ததும் தொடுங்கள். நிமிர்ந்த பெட்டி ஒன்று வரும். அதற்குள் மீன் மேலும் கீழும் ஓடும், பச்சைப் பட்டை ஒன்றும் இருக்கும். விரலை அழுத்திப் பிடித்தால் பட்டை மேலே போகும், விட்டால் கீழே விழும். மீன் பட்டைக்குள் இருக்கும் வரை ஓரத்து அளவுகோல் ஏறும். அது நிரம்பினால் மீன் உங்களுக்கு.

அழுத்திக்கொண்டே இருப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. பட்டை உச்சியில் இடித்து நிற்கும், மீன் கீழால் நழுவிவிடும். கரைவலை இழுக்கும் பக்கத்து வீட்டு அண்ணர் ஒருவர் போனை வாங்கிப் பார்த்தார், இரண்டு மீனை விட்டார், மூன்றாவதைப் பிடித்தார். "விட்டுப் பிடிக்கவேணும், தங்கச்சி" என்றார். அதுவேதான். சின்னச் சின்னத் தட்டாகத் தட்டிப் பட்டையை மிதக்கவிடுங்கள், மீன் பாயும்போது மட்டும் அழுத்துங்கள். அதற்கும் வரவில்லையென்றால் வில்லியிடம் 25 பொன்னுக்குப் பயிற்சித் தூண்டில் இருக்கிறது. பட்டை பெரிதாகும், இலகுவான மீன் மட்டும்தான் கடிக்கும். மலையடி ஏரியில் வரும் கெண்டை மீன் சாதுவானது. கடலை விட்டு அங்கே போய்க் கை பழகுவது நல்லது.

ஐந்தாம் நாள் பார்ஸ்னிப் விளைந்திருக்கும். ஒன்று 35 பொன். பண்ணையில் ஏற்கெனவே இருக்கும் விற்பனைப் பெட்டிக்குள் போட்டால் இரவில் விற்று, விடியக் காசு வரும். அன்றிரவே விவசாயத்தில் முதல் படி ஏறுவீர்கள், வெருளி செய்யும் குறிப்பு கிடைக்கும். பதினாறு செடிக்கு மேல் வைத்தவர்களுக்குக் காகம் வரும். திருகோணமலைக் காகம் அளவு துணிச்சல் கிடையாது என்றாலும் ஒரு நல்ல கோலிஃபிளவரைக் கொத்த அது போதும். வெருளிக்கு 50 பலகை, 20 நார், ஒரு கரி வேண்டும். சுற்றுவட்டம் எட்டுக் கட்டம் காக்கும்.

அதே ஐந்தாம் நாள் வடக்கே சுரங்கமும் திறக்கும். செம்பும் கரியும் அங்கேதான். ஐந்து தளத்துக்கு ஒரு தடவை மின்தூக்கி பதிவாகும், எனவே ஐந்தின் மடங்கில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வாருங்கள். உள்ளே மயங்கினால் பொருளும் காசும் தொலையும். சாப்பாடு கொண்டு போங்கள்.

13ஆம் திகதி

இந்தத் திகதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அன்று முட்டைத் திருவிழா. காலை 9 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் ஊர்ச் சதுக்கத்துக்குப் போகவேண்டும். பியர் அங்கே கடை போட்டிருப்பார், அவரிடம் ஸ்ட்ராபெரி விதை 100 பொன். வசந்தத்தில் நான் கண்ட நல்ல வியாபாரம் இதுதான்.

புதியவர்களில் பலர் வாங்கிக்கொண்டு வந்து அடுத்த நாள் நடுவார்கள். அதில் ஒரு அறுவடை போய்விடலாம். ஸ்ட்ராபெரிக்கு எட்டு நாள், பிறகு நான்கு நாளுக்கு ஒரு தடவை. 13 இலேயே நட்டால் 21 இலும் 25 இலும் பறிக்கலாம். 14 இல் நட்டால் 22, 26. இதுவும் இரண்டுதானே என்பீர்கள். உண்மைதான், ஆனால் இடையில் ஒரு நாள் ஊற்ற மறந்து, இன்னும் இரண்டு நாள் சோர்ந்து படுத்தால் இரண்டாம் பறிப்பு 28 ஐத் தாண்டிவிடும். எனக்கு அப்படித்தான் போனது. திருவிழா முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி 10 ஆகியிருக்கும். அந்த இருட்டில் மண் கொத்திக்கொண்டு நிற்காமல், புறப்படுமுன் காலையிலேயே கொத்தித் தண்ணீரும் ஊற்றி வைத்துவிடுங்கள். இரவு வந்து ஈர மண்ணில் விதையைப் போட்டுவிட்டுப் படுக்கலாம்.

எத்தனை விதை வாங்கலாம்? கையில் இருக்கும் காசுக்கு அல்ல, ஊற்றக்கூடிய சக்திக்கு. முப்பது நல்ல அளவு. நான் அறுபது வாங்கிய கதையை மாமாவுக்குச் சொன்னபோது, "ஆள் இல்லாமல் எட்டு ஏக்கர் செய்தவன் கதை" என்றார்.

அடுத்து 15 முதல் 18 வரை பற்றைகளில் சால்மன்பெரிப் பழம் பிடித்திருக்கும். தொட்டால் உதிரும். விலை போகாது, ஆனால் ஒன்று சாப்பிட்டால் 25 சக்தி. அந்த நான்கு நாளும் பற்றை பற்றையாகப் போய்ப் பறித்துப் பெட்டியை நிரப்புங்கள். மாதக் கடைசி வரை தாங்கும்.

ஊராரோடு பழகுவது

ஒருவருக்கு வாரத்தில் இரண்டு அன்பளிப்பு, ஒரு நாளைக்கு ஒன்று. பிறந்தநாளில் கொடுத்தால் எட்டு மடங்கு பெறுமதி. பிறந்தநாள்கள் பியர் கடைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இருக்கும். செலவே இல்லாமல் தொடங்கலாம். வசந்தத்தில் வழியோரம் லீக்ஸ் முளைத்திருக்கும். நமக்குப் பழக்கமான லீக்ஸ்தான், மரக்கறிக் கடையில் கட்டாக வைத்திருப்பார்களே. சக்கர நாற்காலியில் இருக்கும் சிடுமூஞ்சித் தாத்தா ஜோர்ஜுக்கு அது உயிர். முதல் நாள் உங்களைத் திட்டுவார். இரண்டு லீக்ஸ் கழித்துக் கொஞ்சம் குளிர்வார். மஞ்சள் டாஃபடில் பூவை ஹேலியிடம் கொடுங்கள், 14ஆம் திகதி அவள் பிறந்தநாள்.

எல்லோரையும் ஒரேயடியாகப் பிடிக்க ஓடவேண்டாம். வழியில் எதிர்ப்படுபவர் இரண்டு பேர் போதும். ஜோஜா என்று ஒரு பெரிய அங்காடியும் ஊரில் இருக்கிறது. புதன்கிழமையும் திறந்திருக்கும், ஆனால் விதை விலை கூட. நான் அவசரத்துக்கு மட்டும்தான் அங்கே போவேன்.

பதிவும் போனும்

கட்டிலில் படுத்தால்தான் நாள் முறையாகப் பதிவாகும். இடையில் வெளியேறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி போனில் இருக்கிறது. ஆனாலும் அதை மட்டும் நம்பிப் போனை அணைக்காதீர்கள், முடிந்தவரை ஒரு நாளை முடித்துவிட்டு எழும்புங்கள். ஆப்பை அழித்தால் பண்ணையும் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் சார்ஜில் போட்டபடியே விளையாடினால் போன் தோசைக்கல்லாகிவிடும், அதையும் தவிருங்கள்.

கடைசி வாரம்

விரல்விட்டு எண்ணுங்கள். கோலிஃபிளவர் 12 நாள், எனவே 16 க்குப் பிறகு நடாதீர்கள். உருளைக்கிழங்கு 6 நாள், கடைசி 22. பார்ஸ்னிப் 4 நாள், கடைசி 24. பூவாளியைச் செம்புக்கு மாற்ற ஆசை என்றால் கொல்லன் கிளின்ட்டிடம் 2000 பொன்னும் ஐந்து செம்புக் கட்டியும் கொடுக்கவேண்டும், திரும்பி வர இரண்டு நாள். தொலைக்காட்சி "நாளை மழை" என்று சொல்லும் அன்று காலையில் ஊற்றிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். நாளை மழை ஊற்றும், நாளை மறுநாள் பூவாளி கைக்கு வரும்.

28 இரவு வயலில் விளைந்தது ஒன்றையும் விடாமல் பறித்துவிட்டுப் படுங்கள். கோடை 1 திங்கட்கிழமை, பியர் கடை 9 மணிக்குத் திறக்கும். புளூபெரி விதை 80 பொன். 13 நாளில் காய்க்கத் தொடங்கி, பிறகு நான்கு நாளுக்கு ஒரு தடவை, தடவைக்கு மூன்று பழம். முப்பதுக்கு மேல் வாங்காதீர்கள்.